பெங்களூரில் ஐந்தாவது மாடி

ஒரு ஊரில், ரொம்பத் தூரத்தில் எல்லாம் இல்லை, நாம் உட்கார்ந்திருக்கிற இதே கோவில்பட்டியில், ஒரு பையன் இருந்தானாம்.

உம் கொட்டுங்கள் அண்ணாச்சி. கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் எனக்குக் கதை நகராது. எங்கள் தாத்தா அப்படிப் பழக்கிவிட்டார். நான் உம் கொட்டுவதை நிறுத்தினால் அவருடைய ராஜகுமாரன் ஆற்றுக்கு நடுவில் அப்படியே நிற்பான், மறுநாள்தான் கரையேறுவான்.

மதுரை பஸ்ஸுக்குத்தானே நிற்கிறீர்கள்? நானும் அதற்குத்தான். இப்போதுதான் ஒன்று புறப்பட்டுப் போனது. நான் இப்படி யாரிடமும் பேசுகிறவன் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள். இன்றைக்கு என்னவோ வாய் நிற்கவில்லை. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது, அது ஒரு சௌகரியம். தெரிந்தவர்கள் முன்னால்தான் அண்ணாச்சி தலை நிமிர முடியவில்லை.

அதோ பழக்கடைக்குப் பக்கத்தில் ஊதாக் குடையோடு ஒரு அம்மா நிற்கிறார்களே. திரும்பிப் பார்க்காதீர்கள். மாரீஸ்வரி என்று பெயர், எங்கள் தெருவில் எதிர் வீடு. நான் பஸ் ஏறுகிற வரைக்கும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பார்க்கட்டும். கதையில் அவர்களும் வருவார்கள்.

அந்தப் பையனுடைய அப்பா மினி பஸ் டிரைவர். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. செண்பகம் என்று ஒரு தங்கை. எங்கள் தெருவிலேயே முதல் ஆளாகப் பையன் இன்ஜினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போனான். போனான் என்றால் சும்மாவா போனான், பேங்கில் படிப்புக் கடன் வாங்கித்தான் போனான். பையனும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். வருஷா வருஷம் பேங்கே நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிடும். படிப்பு முடிந்து, வேலை தேடிக்கொள்ள ஒரு அவகாசமும் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மாதத் தவணை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லக் கூடாது. படிப்பு முடியாமலே போகும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களும் நினைக்கவில்லை, அந்தப் பையனும் நினைக்கவில்லை.

அட, பையன் பையன் என்று எத்தனை நேரம்தான் இழுப்பது. நான்தான் அண்ணாச்சி. நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் லேபில் விழுந்தேன். கையும் காலும் இழுத்துக்கொண்டதாம், நாக்கைக் கடித்துக்கொண்டேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்துப் பார்த்தால் பெஞ்சுகளை எல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பையன்கள் எல்லாம் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்கள். அப்புறம் ஹாஸ்டல் படிக்கட்டில் ஒரு தடவை. பரீட்சை ஹாலில் ஒரு தடவை. கல்லூரியில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள், குணமாகிவிட்டு வா, இடம் எங்கேயும் போகாது என்று. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடாமல் சாப்பிட வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, உடம்பு பழகக் கொஞ்ச காலம் ஆகும், அப்புறம் தாராளமாகப் படிக்கலாம் என்றார். அந்தக் கொஞ்ச காலம்தான் ரெண்டு வருஷமாக நீண்டுவிட்டது.

என்ன வியாதி, பெயர் சொல்ல மாட்டேன் என்கிறானே என்று பார்க்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது அண்ணாச்சி. 'அது' என்போம். 'அது வந்துச்சா?' 'இந்த மாசம் அது வரலை.' வேண்டாத சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பது மாதிரி.

செண்பகத்துக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த நேரம். அண்ணனுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தால் எவன் வருவான்? தங்கைக்கும் இருக்குமோ, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்றுதானே யோசிப்பார்கள். ஆகவே என்னை மதுரையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யாரும் எதுவும் திட்டம் போடவில்லை. ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர், மகன் படிப்பு முடிச்சாச்சா டிரைவரே என்று கேட்டாராம். எங்கள் அப்பா கியரை மாற்றிக்கொண்டே, முடிக்கும் முன்னாலேயே கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிட்டான், பெங்களூரு என்றாராம். அவ்வளவுதான். மினி பஸ்ஸில் முன்சீட்டில் சொன்னது கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் இல்லாமல் போய்விடும். அப்பா டூட்டி முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் எங்கள் தெருவுக்குச் செய்தி வந்து, அம்மாவிடம் நாலு பேர் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அண்ணாச்சி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெங்களூரிலிருந்து வருகிறவன்.

சொல்லவே கூசுகிறது. மதுரையில் ஒரு கடையில் மைசூர்பாகு வாங்குவேன். பெட்டியில் ஒட்டியிருக்கிற கடைப் பெயரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து உரித்துவிடுவேன். அத்தை பார்த்துக்கொண்டே இருப்பாள். கம்பெனிக்காரர்கள் கழுத்தில் அட்டை தொங்கவிட ஒரு நாடா போடுவார்களே, அதை நடைபாதைக் கடையில் வாங்கிப் பைக்கு வெளியே கொஞ்சம் தெரிகிற மாதிரி விட்டு வைப்பேன். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். தானாக வருகிறது.

முதல் தீபாவளிக்கு வந்தபோது மாரீஸ்வரி அக்கா தன் மகன் கோகுலை என்னிடம் அனுப்பினார்கள். பாலிடெக்னிக் முடித்த பையன். அண்ணன் கம்பெனியில இருக்காக, எப்படிப் பேசணும், எப்படி உட்காரணும்னு கேட்டுக்கோ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்டர்வியூ நடக்கிற அறையைக் கண்ணால் பார்த்திராத ஆள் நான். ஆனால் பாருங்கள், பேச ஆரம்பித்ததும் வந்துவிட்டது. தாத்தாவுடைய ராஜகுமாரனுக்கு ஏழு கடல் ஏழு மலை வந்த மாதிரி எனக்கு லிஃப்ட் வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, ஐந்தாவது மாடியில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி வந்தது. தெரியாததைத் தெரியாது என்று தைரியமாகச் சொல்லு, கையை மேஜைக்கு மேலே வை, கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளு என்றெல்லாம் சொன்னேன். அவன் குறித்துக்கொண்டான். அக்கா தங்கள் வாசலில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் தொழில்.

பொங்கலுக்கு வந்தேன். அப்போதும் அனுப்பினார்கள். நாலாவது மாடியில் என் சீட்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கோகுல் நிமிர்ந்து பார்த்தான். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "போன தடவ அஞ்சாவதுன்ன. மாத்திட்டாகளோ தம்பி?" என்றார்கள். ஆமாம் அக்கா, மாற்றிவிட்டார்கள் என்றேன். அதான, பெரிய கம்பெனின்னா அப்படித்தான் மாத்திக்கிட்டே இருப்பாக என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தார்கள்.

இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது. எப்படி ஆழம் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்தக் கோகுலுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. அக்கா பெட்டி நிறைய மிட்டாய் வாங்கி வந்து, எல்லாம் தம்பி யோசனைதான் என்று என் கையில் கொடுத்தார்கள். நான் அதை வாங்கித் தின்றேன் அண்ணாச்சி.

இந்தப் பக்கம் பேங்க் சும்மா இருக்குமா? அவர்கள் கணக்கில் என் படிப்பு முடிந்துவிட்டது. தெருவின் கணக்கில் நான் வேலைக்கே போய்விட்டேன். நிஜத்தில் மூன்றாம் வருஷத்தைத் தாண்டாமல் மதுரையில் மாத்திரை விழுங்கிக்கொண்டு பாதி நாள் தூங்கிக்கொண்டிருக்கிறேன். தவணை கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் பஸ்ஸில் ஸ்பானர் வைக்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டார். போன் வந்தது. ராங் நம்பர் என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை அண்ணாச்சி, பயணி விட்டுப்போன ஒற்றைச் செருப்பைக்கூட எடுத்து வைத்திருந்து மறுநாள் கொடுக்கிறவர். கட்ட முடியவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பையனுக்கு வேலை இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஒவ்வொரு ஏனுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் 'அது' நிற்கிறது.

இந்த வருஷத் தீபாவளி முடிந்து நான் மதுரைக்குத் திரும்பிய பிறகு பேங்கிலிருந்து ஒருவர் தெருவுக்கே வந்திருக்கிறார். தேவசகாயம் சார், கடன் பிரிவு. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோளில் பை. எங்கள் வீடு பூட்டியிருக்கிறது. அப்பா டிரிப்பில், அம்மா தீப்பெட்டி ஆபீஸில், செண்பகம் ஜவுளிக்கடையில். எதிர் வீட்டு வாசலில் மாரீஸ்வரி அக்காவும் இன்னும் ரெண்டு மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்களாம்.

இங்கேதான் அண்ணாச்சி கவனிக்க வேண்டும். கடன் வாங்கியவர் வீட்டுக் கதையை அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது என்று பேங்கில் ஒரு முறை இருக்கிறதாம். ஆகவே அவர் பேங்க் என்று சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, பக்குவமாக, இந்த வீட்டுக்காரங்க எப்படி, பையன் என்ன பண்றார், சம்பாத்தியம் உண்டா, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஏதும் உண்டா என்று விசாரித்திருக்கிறார். செண்பகத்துக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். முன்பின் தெரியாத ஒரு ஆள், முழுக்கைச் சட்டையோடு, எங்கேயிருந்து வருகிறார் என்று சொல்லாமல் வந்து இப்படி விசாரித்தால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்?

அதேதான். மாப்பிள்ளை வீட்டு ஆள்.

நாற்காலி எடுத்துப் போட்டார்கள். கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பையனா, பெங்களூரில் பெரிய கம்பெனி, ஐந்தாவது மாடி. சம்பளத்தை நாங்கள் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உடம்பா, இரும்பு, பிறந்ததிலிருந்து ஒரு காய்ச்சல் தலைவலி என்று படுத்ததில்லை. அப்புறம் மாரீஸ்வரி அக்கா முடிவாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். கடன் வசூலிக்க வந்த மனிதரிடம், அவர் கையில் கலர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டே, "கடன்னு ஒரு வீட்டு வாசல்ல போய் நின்ன குடும்பம் இல்ல சார்" என்று.

அவர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அத்தனையையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அம்மா வந்ததும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது, ஜாம் ஜாமென்று சொல்லி அனுப்பிவிட்டோம் என்றார்களாம். கொஞ்ச நாளில் சம்பந்தமும் தானாகவே கூடிவந்தது. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆயிற்று. அம்மா மாரீஸ்வரி அக்காவுக்கு வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்கு டாக்டர் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார், ரொம்ப நாளாக அது வரவில்லை, இனிமேல் படிக்கப் போகலாம் என்று. கல்லூரிக்கு எழுதினேன். விட்ட இடத்திலிருந்து சேரலாம், இந்தக் கார்த்திகைக்குள் வந்துவிட வேண்டும், இதைத் தவறவிட்டால் பிறகு முடியாது என்று பதில் வந்தது. மிச்சப் படிப்புக்குப் பேங்க் பணம் கட்ட வேண்டும். தவணையையும் படிப்பு முடிகிற வரைக்கும் தள்ளி வைக்க வேண்டும். அப்பாவை நச்சரித்து, டாக்டர் கொடுத்த கடிதத்தோடு பேங்குக்குக் கூட்டிப் போனேன்.

தேவசகாயம் சார் கடிதத்தை முழுக்கப் படித்தார். முதலிலேயே வந்து சொல்லியிருந்தால் அப்போதே தள்ளி வைத்திருப்போமே, இதற்கு இடம் இருக்கிறதே என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சார் தன் பைலைத் திறந்து, தெருவில் எழுதிக்கொண்டு வந்ததை நிதானமாக வாசித்தார். பெங்களூர், இரும்பு உடம்பு, எல்லாம். வாசித்துவிட்டு, "இதுல எது நெசம் டிரைவர்?" என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்ட மாதிரிக் கேட்டார். டாக்டர் கடிதம் யார் வேண்டுமானாலும் வாங்கி வருகிற காலம், விசாரித்ததை என்னால் கிழித்துப் போட முடியாது, அன்றைக்குச் சொன்னவர்கள் நேரில் வந்து இல்லை என்று சொல்லட்டும், அப்போது மேனேஜரிடம் வைக்கிறேன் என்று முடித்துவிட்டார்.

வெளியே வந்து அப்பா ரொம்ப நேரம் செருப்பு மாட்டினார். அப்புறம், தை வரைக்கும் பொறுத்துக்கோ, தாலி ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கார்த்திகைக்குள் சேராவிட்டால் படிப்பு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வாயைத் திறந்தால் செண்பகத்துக்கு என்ன ஆகுமோ. டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ரெண்டு நாள் யோசித்தேன். அப்புறம் மாரீஸ்வரி அக்கா வீட்டுப் படியேறினேன். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் போனேன். அவர்கள் மடியில் ஒரு மஞ்சள் பட்டுச் சேலை, செண்பகத்துக்கு எடுத்தது, அதற்குத்தான் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். பழகினது எல்லாம் மறந்துபோய்விட்டது.

"அக்கா, நான் பெங்களூர்ல இல்ல" என்றேன்.

தலையைத் தூக்கவில்லை. "தெரியும் தம்பி. உக்காரு, நிக்காத" என்றார்கள்.

என் காதில் விழுந்தது எனக்கே உறைக்கவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்றேன். மொத தீவாளிலேருந்தே என்றார்கள். உங்களுக்கு மட்டுமா என்றேன். தெருவுக்கே தெரியும், எதுக்கு இப்ப அதெல்லாம் என்றார்கள். பிறகு ஏன் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், உங்கப்பா பெங்களூருன்னு சொல்றாரு, அவரு சொன்னா ஏதாச்சும் இருக்கும், நாங்களும் பெங்களூருன்னே சொல்லிட்டோம், இதுல என்ன இருக்கு என்கிறார்கள்.

இதுல என்ன இருக்கு. எப்படிச் சொல்கிறார்கள் பாருங்கள் அண்ணாச்சி. ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து ரெண்டு வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறது. நான் நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறேன், அத்தனை பேரும் கதவுக்குப் பின்னால் சிரித்திருப்பார்கள். ஐந்தாவது மாடி, நாலாவது மாடி. என் வாயைக் கிளறுவதற்காகவே பெற்ற பிள்ளையை அனுப்பி வைத்திருக்கிறார்கள். தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அத்தோடு நிறுத்தியிருக்க மாட்டேனா?

நிறுத்தியிருப்பேனா என்கிறீர்களா? தெரியவில்லை அண்ணாச்சி. உம் மட்டும் கொட்டுங்கள்.

அன்றைக்கு வந்த ஆள் மாப்பிள்ளை வீடு இல்லை, பேங்க் என்று சொன்னேன். ஊசியைச் சேலையிலேயே குத்தி வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரும்பு உடம்புன்னு நான்தான சொன்னேன், நான்தான சொன்னேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உன் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே தம்பி என்று கண் கலங்கினார்கள். பிறகு, பேங்கில் போய்ச் சொன்னால் கல்யாணத்துக்கு ஏதும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் பயம் வந்துவிட்டது. செண்பகம் கடையிலிருந்து வருகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவளிடம் யாரும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். "அண்ணன் படிக்கட்டும்க்கா. அவங்க வீட்டுல வந்து கேட்டா இதையே நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். சாப்பிட்டியாண்ணே என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று காலையில் பேங்குக்குப் போனோம். அக்கா நல்ல சேலை கட்டி, அந்தக் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பா வரவில்லை, டிரிப் விட முடியாதாம். பென்ஷன் வாங்குகிற நாள், நிற்க இடமில்லை. தேவசகாயம் சார் மேஜை நடு ஹாலில் இருக்கிறது. அக்கா அவர் முன்னால் நின்று, அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய் சார் என்றார்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏம்மா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார்.

"அன்னைக்கு நீங்க மாப்ள வீட்டு ஆளுல்லா சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு என்றார். பிறகு என்ன சார், நீங்க பேங்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா என்று அக்கா திருப்பிக் கேட்டார்கள்.

"சொல்லக் கூடாதும்மா. அந்த வீட்டு மானம்ல அது."

"நாங்களும் அதுக்குத்தான் சார் சொன்னோம்."

சார் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பையனுக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை, இத்தனை நாளும் வைத்தியத்தில் இருந்தார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு, என்ன நோயின்னு உங்களுக்குத் தெரியுமாம்மா, தெரிஞ்சதைச் சொல்லுங்க என்றார்.

அக்கா வாயைத் திறந்தார்கள், மூடினார்கள். என் பக்கம் திரும்பினார்கள். மேலே ஃபேன் ஓடுகிறது. பின்னால் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம். அதில் எங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர் நிற்கிறார், எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். அக்கா சொல்லவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சார் இன்னொரு தடவை கேட்டாலும் வேறு எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள். பொய்யைத் திருத்த வந்த இடத்தில் இன்னொரு பொய்.

"வலிப்பு சார்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்திரண்டு வயதில் அந்த வார்த்தையை என் வாயால் அன்றைக்குத்தான், இன்றைக்குத்தான், முதல் தடவையாகச் சொன்னேன். சார் எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன், தவணையைத் தள்ளி வைத்துவிடலாம், மிச்சப் படிப்புக்கும் கட்டிவிடலாம், டாக்டரிடம் இன்னொரு கடிதம் மட்டும் வாங்கி வாங்க தம்பி என்றார். அதற்குத்தான் இப்போது மதுரைக்குப் போகிறேன்.

காரியம் ஆகிவிட்டதே, பிறகு என்ன என்று கேட்கிறீர்கள். ஆகிவிட்டதுதான். ஆனால் பேங்க் வாசலில் அக்கா என் கையைப் பிடிக்க வந்தார்கள், நான் விலகிக்கொண்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா, நான் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்றேன். சரி தம்பி என்றார்கள். ஆனால் போகவில்லை. பத்தடி பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, அங்கே போய் நின்றுகொண்டார்கள். ஒரு மனிதனுடைய மானத்தை இன்னும் எவ்வளவுதான் பார்த்து முடிப்பார்கள்?

ஒரு நிமிஷம் அண்ணாச்சி. மாத்திரை போடுகிற நேரம். அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன், பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

என்ன, அக்கா இங்கே வந்தார்களா? குழாயடியிலிருந்து பார்த்தேன், குடை நகர்ந்த மாதிரி இருந்தது. என்ன சொன்னார்கள் உங்களிடம்? சும்மா சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

மதுரை வரைக்கும் நீங்களும் போகிறீர்களா என்று கேட்டார்களா. என் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்களா. சரி.

ஜன்னல் கம்பியில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களா. விழுந்தால் பயப்பட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, தானாகத் தெளிகிற வரைக்கும் பக்கத்தில் இருந்தால் போதும். சத்தம் போட்டுக் கூட்டம் கூட்ட வேண்டாம், தம்பிக்கு அது பிடிக்காது.

இதெல்லாம் அவர்களுக்கு எப்படி... அவர்களே பார்த்திருக்கிறார்களாமா? அவர்கள் வாசலிலா? இல்லை அண்ணாச்சி, வேறு யாரையாவது சொல்லியிருப்பார்கள். நான் அங்கே... எப்போது என்று சொன்னார்களா?

முதல் தீபாவளியன்று காலையில்.

அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்றுதான் அம்மா சொன்னாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தது தெரியும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியது தெரியும். அப்புறம் கட்டிலில் கண் விழித்தேன், வேறு சட்டை போட்டிருந்தது. ராத்திரி பஸ்ஸில் வந்த அலுப்பு, படுத்ததும் தூங்கிட்ட என்றாள். தெரு முழுக்க வெடி போட்டுக்கொண்டு நின்றிருக்குமே அப்போது. அத்தனை பேருமா. குழந்தை குட்டி எல்லாமா.

மடியில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாமா.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அண்ணாச்சி கோகுலை என்னிடம் முதல் தடவையாக அனுப்பினார்கள். என் வாயைக் கிளறத்தான் என்று சொன்னேனே உங்களிடம். நான் நாடாவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன்.

மதுரை போர்டு போட்டு வருகிறது, நம் பஸ்தான். நீங்கள் முதலில் ஏறுங்கள். இல்லை, இருங்கள், அக்கா எங்கே? பழக்கடைப் பக்கம் காணோமே. அதோ. உங்களிடம் சொல்லிவிட்ட நிம்மதியில் கிளம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வாயெடுத்தேன், வரவில்லை. ஆட்டோவுக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். குடையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை அண்ணாச்சி, நேராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.